தலைவர் சொல்லுவாருங்க

"சகல தரப்பினரின் கருத்துக்கும் சமமான இடம்" என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். நல்ல வார்த்தைகள்தான். நானும் ஒரு காலத்தில் அதைக் கேட்டுக் கை தட்டியவள்தான். ஆனால் அந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு பதுளை டவுனில் சில பெரிய மனுஷிகள் என்ன செய்தார்கள் என்பதைச் சுவரோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துத் தொலைத்தவள் நான். அதனால் குமட்டுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. டவுன் சபைக்காரர்கள் மகளிர் ஆணைக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் அதற்குத் தலைமை. சிங்கள அம்மா, வெள்ளைச் சேலை, மெதுவான பேச்சு. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் சும்மா பூட்டிக் கிடந்த இரண்டு அறைக் கட்டடம் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, பெண்களுக்கு உபயோகமாக ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதில் என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் ஆணைக்குழுவின் முதல் வேலை.

நான் அப்போது தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. டவுன் பள்ளிக்கூடத்தில் படித்த புண்ணியத்தில் எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதனால் தமிழையும் சிங்களத்தையும் மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் போய்வரத் தோட்டத்தை நடத்தும் துரையும் சரி என்றார். மேசையைச் சுற்றி மெத்தை வைத்த கதிரைகள் இருந்தன. எனக்குச் சுவரோரத்தில் ஒரு சிவப்புக் கதிரை, ஒரு கால் கொஞ்சம் வளைந்தது.

அந்தக் கட்டடத்தின் மேல் எனக்குக் கண் விழுந்ததற்குக் காரணம் என் தங்கச்சி. நானாவது பிள்ளைகளோடு நிழலில் இருந்தேன், அவள் மலையில் கொழுந்து எடுக்கிறவள். தொண்ணூறுகளின் கடைசியில் அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு வருவதற்கே கொழுந்து லொறியை விட்டால் வேறு வழி இல்லை. வலி வந்ததும் அவளை லொறியில் ஏற்றினோம். கொழுந்துச் சாக்குகளை ஓரமாகத் தள்ளி, கம்பளியை விரித்துப் படுக்க வைத்தோம். ஐப்பசி மழையில் பாதை அரித்துப் போயிருந்தது. ஒரு திருப்பத்தில் லொறி சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. ஆம்பிளைகள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோதே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. அவளுடைய தலை என் மடியில் இருந்தது. "அக்கா, ஏன் சத்தத்தக் காணோம்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இந்தக் கட்டடப் பேச்சு நடந்த காலத்தில் மறுபடியும் அவள் வயிற்றில் ஒன்று. கிளினிக்கில் நாள் குறித்துக் கொடுத்து, வலி எடுத்ததும் வா என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, வார்டில் கட்டில் இருந்தால்தானே. டவுனில் இருப்பவளுக்கு வலி எடுத்ததும் புறப்படலாம். எங்களுக்கு வலி எடுத்த பிறகு புறப்படுவதுதான் ஆபத்து. வலிக்கு முன்னாலேயே வந்து சில நாள் தங்கியிருக்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பாய் போட இடம் இருந்தால் போதும். அந்த இரண்டு அறையும் அதற்கென்றே கட்டி வைத்தது மாதிரி எனக்குத் தெரிந்தது.

ஆனால் ஆணைக்குழுவில் முதல் சில கூட்டங்கள் கட்டடத்தைப் பற்றி நடக்கவில்லை. யார் யாருக்குக் கதிரை என்பதைப் பற்றி நடந்தன. எல்லாக் கருத்தும் மேசையில் இருக்க வேண்டும், ஒரு கருத்துக்கு ஒரு கதிரை என்றார் தலைமை அம்மா. ஆசிரியைகளின் கருத்துக்கு ஒருவர். தாதிமாரின் கருத்துக்கு ஒருவர். வியாபாரம் செய்யும் பெண்களின் கருத்துக்கு, மெயின் ரோட்டில் பேக்கரி வைத்திருந்த, நோனா என்று எல்லாரும் கூப்பிடும் சிங்களப் பெண்மணி. இளம் பெண்களின் கருத்து, இல்லத்தரசிகளின் கருத்து என்று சிங்களப் பெண்களுக்குள் இருந்த ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு கதிரை விழுந்தது. பிறகு முஸ்லிம் கருத்து, ஒன்று. தமிழ்க் கருத்து, ஒன்று. எங்களிடம் வரும்போது மட்டும் டீச்சர், நர்ஸ், கொழுந்து எடுப்பவள் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள்.

அந்தத் தமிழ்க் கதிரையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய வேலை. கெட்டிக்காரி, கண்ணியமானவர், எனக்குப் புத்தகமெல்லாம் கொடுத்திருக்கிறார். நான் ஒரு நாள் தேத்தண்ணி இடைவேளையில் அவரிடம் போய், தோட்டத்துப் பெண்களுக்கும் ஒரு கதிரை வேண்டும் என்று கேளுங்கள் என்றேன்.

"ஏன் பிள்ளை தனியா? நாங்கள் எல்லாரும் தமிழர் தானே. உங்கட பிரச்சினையையும் சேர்த்து நான் கதைக்கிறன்."

"நீங்க தோட்டத்துப் பக்கம் எப்பவாச்சும் வந்திருக்கீங்களா அக்கா?"

"ஒருக்காத் திருவிழாவுக்கு வந்தனான். நல்ல வடிவான இடம்."

வடிவான இடமாம்! நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில், ஒரு ராத்திரி படுத்திருந்தால் வடிவு தெரிந்திருக்கும். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, இடைவேளை முடிந்ததும் நானே எழுந்து நின்று கேட்டேன். மொழி மாற்றிச் சொல்ல வந்தவள் தானாகப் பேசுகிறாளே என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கரி நோனாதான் முதலில் வாய் திறந்தார். தோட்டங்கள் டவுன் எல்லைக்குள் வராதே, அந்தப் பெண்களுக்கு இங்கே வோட்டும் இல்லையே என்றார்.

"சம்பளத்துக்கு மறுநாள் எங்க பெண்கள் உங்க பேக்கரியில வந்து நிக்கும்போது இந்த எல்லை எங்க போகுது நோனா?" என்று சிங்களத்தில் கேட்டேன். இல்லத்தரசிக் கருத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நோனாவின் முகம் சிவந்துவிட்டது.

தலைமை அம்மா கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தினார். இரண்டு தமிழ்க் கதிரை போட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் என்றார். அதனால் நடுவான ஒரு வழியாக, தோட்டத்துப் பெண் ஒருத்தியை ஒரே ஒரு கூட்டத்துக்கு விசேட அழைப்பாகக் கூப்பிட்டு அவளுடைய கருத்தைக் கேட்போம் என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் தங்கச்சியைச் சொன்னேன். ஏதோ ஒரு வாசல் திறந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அழைப்பைத் தோட்டத்துத் தொழிற்சங்கத்தின் மூலமாக அனுப்புவதுதான் முறை என்று அம்மா சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சங்கம் என்றால் எங்கள் தோட்டத்தில் தலைவர். அந்த மனுஷனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் லேபர் டே என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தில் வாரத்துக்கு ஒரு பின்னேரம், குறை சொல்வதற்கென்று வைத்திருந்த நேரம் அது. கூரை ஒழுகுகிறது, பீலியில் தண்ணீர் வரவில்லை, லீவு வேண்டும், எதுவானாலும் அன்றைக்குத்தான். துரை ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே. நாங்கள் வெளியே முற்றத்தில். ஆனால் நாங்கள் பேச மாட்டோம். எங்கள் குறையைத் தலைவரிடம் சொல்வோம். அவர் ஜன்னலில் கை வைத்துத் துரையிடம் சொல்வார். துரை பதில் சொன்னதும் அவர் திரும்பி எங்களிடம் சொல்வார். துரை பேசியது எங்கள் காதிலும் நன்றாக விழுந்திருக்கும். இருந்தாலும் அவர் சொல்லும்வரை காத்துக்கொண்டு நிற்போம். அதிலும் ஒரு பெண் தானாக ஜன்னலுக்குப் போய்ப் பேசிவிட்டால், "வாயாடி" என்ற பட்டத்தோடுதான் லயத்துக்குத் திரும்ப வேண்டும். எங்கள் அம்மா காலத்திலும் அப்படித்தான், எங்கள் காலத்திலும் அப்படித்தான்.

கூட்டத்தன்று தங்கச்சி வேலைக்குப் போகவில்லை. அன்றைய பேர், அதாவது நாள் கூலி, போனால் போகட்டும் என்று, கலியாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வயிறு அப்போதுதான் வெளியில் தெரியத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வைத்து, "எங்க, என்ன சொல்லப் போற, சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "எம்புள்ள லொறியிலயே செத்துப்போச்சுங்கம்மா. இந்தப் புள்ளயாச்சும் உசுரோட பொறக்கணும். வலிக்கு முன்னாடியே வந்து தங்கிக்கிற மாதிரி ஒரு எடம் குடுத்தீங்கன்னா போதும். எனக்கு மட்டும் இல்லீங்க, எங்க மலயில எல்லாருக்கும்."

 முன் சீட்டில் வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக இருந்த தலைவர் திரும்பி, "நல்லாச் சொல்ற தங்கச்சி" என்றார். ஆமாம், அவரும் வந்தார். அழைப்பு அவர் பெயருக்குத்தானே போயிருந்தது.

அறை வாசலில் தங்கச்சி செருப்பைக் கழற்றினாள். மற்றவர்கள் எல்லாரும் செருப்போடுதான் உள்ளே இருந்தார்கள். தலைமை அம்மா எழுந்து வந்து, கையைப் பிடித்து, அவளுக்கென்று போட்டிருந்த மெத்தைக் கதிரையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தலைவர் உட்கார்ந்தார். வேறு கதிரை இல்லாததால் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்தார். எனக்கு உள்ளங்காலில் இருந்து எரிச்சல் ஏறியது.

"மகள், பயப்படாதே. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீயே சொல்லு. நாங்கள் கேட்பதற்குத்தான் இருக்கிறோம்" என்றார் அம்மா சிங்களத்தில். நான் தமிழில் சொன்னேன்.

தங்கச்சி மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தலைவரின் பின்னந்தலையைப் பார்த்தாள். "தலைவர் சொல்லுவாருங்க" என்றாள்.

அவ்வளவுதான். அத்தனை கூட்டம், அத்தனை சண்டை, அத்தனை வாய்ப்பேச்சு, எல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் போய்விட்டது.

தலைவர் எழுந்தார், தொண்டையைக் கனைத்தார். "எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டத்துப் பெண்கள் சார்பா மொதல்ல நன்றியத் தெரிவிச்சுக்கிறேன். எங்க மாரியம்மன் கோயிலுக்குப் போற பாதையில ஒரு அலங்கார வளைவு இல்லாதது பெரிய கொறையா இருக்குங்க. தீச்சட்டி, பால்குடம் எல்லாம் தூக்கிட்டு வர்றது யாரு? பொம்பளைங்கதானுங்க. அவங்க வர்ற வழியில ஒரு வளைவு இருந்தா அவங்களுக்குத்தானே பெரும?"

அடப்பாவி மனுஷா! பஸ்ஸில் காதால் கேட்டுவிட்டுத்தானே வந்தாய்!  ஆனாலும் மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. அவர் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். வளைவு என்ற சொல்லை என் வாயாலேயே சொன்னேன். சொல்லிவிட்டு, "இது இவருடைய கருத்து. இந்தப் பெண் கேட்க வந்தது வேறு" என்றும் சேர்த்தேன்.

தலைமை அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளையைத் திருத்துவது மாதிரிச் சிரிப்பு. தங்கையைக் கூப்பிடும் சிங்களச் சொல்லால் என்னைக் கூப்பிட்டார். "நங்கி, மொழிபெயர்க்கிறவர் தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. அது நியாயம் இல்லை, இல்லையா? அவளையே கேட்போம்" என்றார். கேட்டார், அவர் சொன்னதுதான் உன் கருத்துமா என்று.

"ஆமாங்க" என்றாள் என் கூடப் பிறந்தவள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளைக் கிழித்துவிட்டேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? அவ்வளவு அழகா சொன்னியே வர்றப்ப! அங்க போயி ஏன்டி கல்லு மாதிரி நின்ன?"

"அவரு இருக்கிறப்ப நான் எப்பிடிக்கா முந்திரிக்கொட்ட மாதிரி பேசுறது? நாளைக்குக் கூர ஒழுகுனா அவருகிட்டதானே போகணும்? அவரு சொல்லுவாருன்னுதான் நெனச்சேன். நீ சொல்லச் சொன்னத எல்லாம் அவருகிட்ட முந்தியே சொல்லி வச்சிருந்தேன்" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

தலைவருக்கு வெட்கம் மானம் ஒன்றும் இல்லை. முன் சீட்டிலிருந்து திரும்பி, "ரூம் விசயத்த அடுத்த தடவ போடுவோம் தங்கச்சி. ஒரே நேரத்துல ரெண்டு கேட்டா ரெண்டும் கெடைக்காது. அதான் மொற" என்றார். லேபர் டேயின் சட்டம் அது. ஒரு தடவைக்கு ஒரு குறை. அதை அப்படியே டவுனுக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வந்த ஒரே தடவையில் அந்த ஒன்றை வளைவுக்குக் கொடுத்துவிட்டு, வேலையைக் கச்சிதமாக முடித்த ஆள் மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் கட்டடத்தின் விதி முடிந்தது. தோட்டத்துப் பெண்கள் அவர்களாகவே வந்து தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள், அதற்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, எனவே கட்டடத்தைத் தையல் வகுப்புக்கும் கேக் ஐசிங் வகுப்புக்கும் கொடுக்கலாம் என்று பேக்கரி நோனா பிரேரித்தார். கை உயர்ந்தது. யாழ்ப்பாணத்து அக்காவின் கையும் உயர்ந்தது. வெளியே வந்ததும் என்னிடம், "நான் என்ன செய்யிறது பிள்ளை? அந்தப் பிள்ளையே வளைவு எண்டு சொன்னா, நான் வேற மாதிரிக் கதைக்க ஏலுமே?" என்றார். உண்மைதான்.  அந்த உண்மையைக் கேட்கும்போதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. ஒருத்தரும் பொய் சொல்லவில்லை, ஒருத்தரும் அதட்டவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது.

வளைவும் வந்தது. தகரத்தில், நீல நிறத்தில், இரண்டு பக்கமும் தாமரை வரைந்து. மேலே "தோட்டப் பெண்களின் வேண்டுகோளுக்கிணங்க" என்று எழுதியிருந்தார்கள். திறப்பு விழாவில் தலைவருக்கு மாலை. தினமும் காலையில் என் தங்கச்சி கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, தள்ளிய வயிற்றோடு அந்த வளைவுக்குக் கீழேதான் மலைக்கு நடந்தாள். நான் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று பார்ப்பேன். காறித் துப்ப வேண்டும்போல இருக்கும். கைப்பிள்ளைகள் பார்க்குமே என்று அடக்கிக்கொள்வேன்.

மாதம் நெருங்கியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யாரையும் கேட்பதில்லை, நானே கூட்டிக்கொண்டு போய் எப்படியாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது. கிளினிக் நாளில் அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தேன். இன்னும் நாள் இருக்கிறது, வலி எடுத்ததும் வா என்றுதான் வழக்கம்போலச் சொன்னார்கள். அவளுக்குக் காலையிலிருந்தே இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் நான் பதறுவேன் என்று கழுதை சொல்லவில்லை. வெளியே வந்தபோது பேய் மழை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக முடியாமல் அந்த ரோட்டிலேயே ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். நிமிர்ந்து பார்த்தால் அதே கட்டடம். உள்ளே வெளிச்சம். ஜன்னல் வழியாக வெண்ணெய், வனிலா வாசனை. ஐசிங் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அங்கேயே தங்கச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். "அக்கா, அன்னைக்கி மாதிரியே இருக்கு" என்றாள். தண்ணீர் உடைந்து சிமெந்துத் தரையில் ஓடியது.

கதவை இரண்டு கையாலும் அடித்தேன். திறந்தது பேக்கரி நோனா. கையில் ஐசிங் பிழியும் கூம்பு. ஒரு கணம் என்னைப் பார்த்தார், கீழே அவளைப் பார்த்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். ஆனால் அந்த மனுஷி கூம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, "அம்மோ, பிள்ளை வரப் போகிறது, மேசையைக் காலி பண்ணுங்கள்!" என்று கத்தினார். கேக்குகளை எல்லாம் தரையில் இறக்கினார்கள். ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஓடவிட்டார்கள். அங்கிருந்து தாதி வந்து சேர்வதற்குள் தங்கச்சி அந்த நீள மேசையில் பெற்றுவிட்டாள். பிள்ளையைக் கையில் ஏந்தியது நோனாதான். பிள்ளை பிறந்ததும் கட்டடமே அதிரும்படி கத்தியது. பெண் பிள்ளை. தங்கச்சி என்னைப் பார்த்து, "கத்துது, அக்கா, கத்துது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நோனாவும் அழுதார். நானும்தான். அந்த அரை மணி நேரத்துக்கு எனக்கு உலகத்தில் யார் மேலும் கோபம் இல்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். விடவில்லை. பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் கும்பிட்டு முடிந்ததும், தாயையும் சேயையும் ஆணைக்குழுவுக்கு அழைத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். மேசையில் கேக், அதில் இளஞ்சிவப்பில் தொட்டில். தலைமை அம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எல்லா இனப் பெண்களுக்கும் இந்த இடம் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். அடச்சீ! மழைக்கு ஒதுங்கிய இடத்தில் பிறந்த பிள்ளையைத் தங்கள் திட்டமாக்கிவிட்டார்கள். தலைவர், பிள்ளைக்கு மாமன்காரன் மாதிரி படத்தில் முன்னால் நின்றார். நின்றதோடு விட்டாரா? தொண்டையைக் கனைத்து, "எங்க தோட்டத்துப் பெண்கள் சார்பா…" என்று தொடங்கினார்.

"நான் பேசுறேன் தலைவரே" என்றாள் தங்கச்சி.

யாரோ வேறு ஆள் பேசியது என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். அவள்தான். இந்தத் தடவை கதிரையில் உட்கார்ந்திருந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"அன்னைக்கி நான் கேக்க வந்தது வளைவு இல்லீங்கம்மா. இந்த ரூமத்தான் கேக்க வந்தேன். மூத்த புள்ள லொறியில செத்துப்போச்சு. இவ இங்கன பொறந்ததால உசுரோட இருக்கா. அன்னைக்கி மழ பேஞ்சுது, நாங்க ஒதுங்குனோம். அடுத்தவளுக்கு மழ பேயுமா? ஒரு ரூம் போதும். பாய் நாங்களே கொண்டாருவோம்."

ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். என் கருத்து எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை. தலைமை அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பேக்கரி நோனா மூக்கை உறிஞ்சினார். யாழ்ப்பாணத்து அக்கா எழுந்து வந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, "நல்லாக் கதைச்சனி பிள்ளை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தலைவர்கூடத் தட்டினார். மீதிக் கேக்கைப் பெட்டியில் வைத்து எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். கேட்டாயிற்று, அவர்களும் காதால் கேட்டுவிட்டார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அடுத்த மாதம் கூட்டத்துக்குப் போனபோது கொஞ்சம் முன்னதாகவே இறங்கி, அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன். தாழ்வாரத்துக்குப் புது இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். பெரிய பூட்டு. கேட்டில் ஒரு பலகை: உணவு தயாரிக்கும் இடம், சுத்தம் பேணவும், வகுப்பு மாணவிகள் தவிர வேறு எவரும் உள்ளே வரவோ தாழ்வாரத்தில் நிற்கவோ கூடாது. அதுவரை ஆணைக்குழு வெளியிட்ட எந்த அறிவிப்பும் சிங்களத்தில் மட்டும்தான் இருக்கும். இதை மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். மூன்றுக்கும் ஒரே அளவு எழுத்து.

கூட்டத்தில் கேட்டேன். மேசையை மாற்ற வேண்டியதாகிவிட்டது, மாணவிகளின் பெற்றோர் முறைப்பாடு செய்தார்கள், அவர்களுடைய கருத்தையும் மதிக்க வேண்டும் அல்லவா நங்கி என்றார் தலைமை அம்மா, அதே மெதுவான குரலில். பேக்கரி நோனா என் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் சிவப்புக் கதிரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

லயத்துக்கு வந்தபோது தங்கச்சி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்னக்கா, ரூம் குடுத்துட்டாங்களா? மேல் லயத்துப் புள்ளைக்கு இது ஒம்பதாம் மாசம். நான் சொல்லி வச்சிருக்கேன், நீ பயப்படாத, டவுன்ல எடம் இருக்குன்னு."

நான் கேட்டைப் பற்றிச் சொன்னேன். பூட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்ப, தலைவரையே சொல்ல விட்டிருக்கணுமோக்கா?"